கடையணியின் கணக்கு

ஆண்டு முடிவில் வணிகன் ஐந்தொகை எடுப்பான். வந்தது இவ்வளவு, சென்றது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று கண்ட பின்னரே புதுக் கணக்கைத் தொடங்குவான். கிரிக்கெட்டுக் கழகங்களும் பருவ முடிவில் இத்தகைய ஐந்தொகை ஒன்றை எடுப்பதுண்டு. ஆயின் அதில் எழுதப்படுவன யாவை? முதலணி எத்தனை ஆட்டங்களில் வென்றது, எத்தனையில் தோற்றது, மிகுந்த ஓட்டம் எடுத்தவர் யார், மிகுந்த விக்கெட்டு வீழ்த்தியவர் யார் என்பனவே. கோப்பை ஒன்று வந்திருப்பின் அதன் படமும் இடம்பெறும். இரண்டாம் அணிக்கு ஒரு வரி கிடைத்தால் அதுவே மிகுதி. மூன்றாம் அணியும் சிறுவர் அணியும் ‘பிறரும் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்’ என்னும் ஒரு தொடருள் அடங்கிவிடும்.

இம்முறை தலைகீழானது என்பது நம் கருத்து. ஒரு கழகத்தின் பருவத்தை அளக்கும் கோல் முதலணியின் வெற்றியன்று. கடையணியில் ஆடத் தொடங்கியவருள் எத்தனை பேர் ஒரு படியேனும் மேலேறினர் என்பதே அக்கோல். இதனைப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலூர்ச் சாலையில் அமைந்த நம் தவளக்குப்பத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்னிறுத்தி ஆராய்வோம்.

புதுச்சேரி நகரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்வோர் அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்து தவளக்குப்பம் சேர்வர். கிழக்கே கடலோர மீனவர் ஊர்கள். தெற்கும் மேற்கும் வயல்கள். அறுப்பு முடிந்த வயலும், வீடு எழும்பாத மனையும், பள்ளியின் திடலும் மாலை வேளையில் ஆடுகளங்களாகிவிடும். மூன்று குச்சியும் ஒரு மட்டையும் ஒரு டென்னிஸ் பந்தும் இருந்தால் போதும்; இருபது சிறுவர் கூடிவிடுவர். ஆர்வத்திற்கு இங்கே குறைவில்லை. குறைவெல்லாம் ஆர்வத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான்.

இக்குறைவுக்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் கிரிக்கெட்டும் உடன் சென்றது. சென்னையில் அவர்கள் 1846-இல் ஒரு கிரிக்கெட்டுக் கழகம் கண்டனர். அது வெள்ளையர்க்கே உரியதாக இருந்தமையின், புச்சிபாபு நாயுடு 1888-இல் சென்னை ஐக்கியக் கழகத்தை நிறுவி, நம்மவர் ஆடுவதற்கு இடமும் கருவிகளும் உதவினார். அவர் நட்ட செடி மரமாயிற்று. 1934 நவம்பர் 4-இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தபொழுது, மைசூர் அணியைச் சென்னை அணி ஒரே நாளில் வென்றது.

புதுச்சேரியின் கதை வேறு. இது பிரெஞ்சியர் ஆண்ட நாடு; அவர்க்குக் கிரிக்கெட்டு தாய்வீட்டு ஆட்டமன்று. இரும்புக் குண்டெறியும் பெத்தாங்க் ஆட்டம் அவர்கள் விட்டுச் சென்றது; அஃது இன்றும் இங்கே ஆடப்படுகிறது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவினிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியான ஒப்படைப்பும் நிறைவேறியது. எனினும் ரஞ்சிக் கோப்பையில் புதுச்சேரிக்கெனத் தனியணி ஒன்று அமைய, சேப்பாக்கத்து முதல் ஆட்டத்திலிருந்து 84 ஆண்டுகள் சென்றன. அதுவரை இங்குள்ள இளைஞன் உயர்ந்த ஆட்டம் ஆட விரும்பினால் வேற்று மாநிலத்து வாயிலில் சென்று நிற்கவேண்டியிருந்தது.

அக்கதவு 2018-இல் திறந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகளின் வழியே, இந்தியக் கிரிக்கெட்டு வாரியம் 2018–19 பருவத்தில் ஒன்பது புதிய அணிகளைச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் புதுச்சேரியும் ஒன்று. அப்பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்கு ஆடிய அணிகள் 37. ஆடவர்க்கு மட்டுமன்றி மகளிர்க்கும், வயது வரம்புக்குட்பட்ட இளையோர்க்கும் புதுச்சேரியின் பெயரால் ஆடும் உரிமை கிடைத்தது. துத்திப்பட்டில் புல் படர்ந்த மைதானமும் உண்டு. நெடுநாள் காத்திருந்தவர்க்கு இதனினும் இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

ஆயின் கதவு திறந்தவுடன் யார் முதலில் நுழைந்தனர் என்பதையும் பார்க்கவேண்டும். 2018 செப்டம்பரில், முதற்பருவம் தொடங்கிய அந்நாள்களிலேயே, புதுச்சேரி அணியில் இடம்பெற்ற வெளியூர் ஆட்டக்காரர் எண்மர்க்கு விதியைத் தளர்த்தி முன்னர் அளித்திருந்த தகுதியை வாரியம் திரும்பப் பெற்றுக்கொண்டது. பதினொருவர் ஆடும் அணியில் எண்மர் என்றால் அது சிறுதொகையன்று. ஒருவரையோ ஒரு குழுவையோ பழிப்பதற்காக நாம் இதனை நினைவூட்டவில்லை. உச்சியில் இடம் உண்டாகி, அடியிலிருந்து ஆள் ஏறிவரும் படிகள் உண்டாகாவிடின், அவ்விடத்தைப் பக்கத்திலிருந்து ஏணி வைத்து ஏறுவோரே நிரப்புவர். இஃது இயற்கை. குற்றம் ஏறியவரிடத்தில் மட்டுமில்லை; படி கட்டாதவரிடத்திலும் உண்டு.

இவ்வாறு பெயர் ஓரிடத்ததாகவும் ஆள்கள் வேறிடத்தவராகவும் அமைந்த அணிக்கு உலக வரலாற்றில் ஒரு விந்தையான சான்று உண்டு. அதுவும் பிரெஞ்சு நாட்டிலேயே கிடைக்கிறது. 1900-ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் ஆடப்பட்டது. ஆகஸ்டு 19, 20 ஆகிய இரு நாள் நடந்த ஒரே ஆட்டம் அது. இங்கிலாந்திலிருந்து வந்த அணி முதலில் 117 ஓட்டமும், பின்னர் ஐந்து விக்கெட்டு இழப்புக்கு 145 ஓட்டமும் எடுத்தது. பிரான்சு அணி 78, 26 என்னும் ஓட்டங்களில் சுருண்டு 158 ஓட்ட வேறுபாட்டில் தோற்றது. தோற்ற அணிக்குப் பிரான்சு என்பது பெயர். அதில் ஆடியவருள் பெரும்பாலோர் பாரிசில் வாழ்ந்த ஆங்கிலேயர். அன்று அவ்வணி வென்றிருந்தாலும் பிரெஞ்சுச் சிறுவர்க்கு என்ன பயன்? அந்நாட்டுத் தெருக்களில் மட்டை பிடிக்கும் பழக்கம் அவ்வெற்றியால் வேரூன்றியிராது. ஒலிம்பிக்கிலிருந்து அப்பொழுதே நீங்கிய கிரிக்கெட்டு, 2028-இல் லாசு ஏஞ்சலிசு நகரில் மீண்டும் இடம்பெறும் என்று முடிவு செய்யப்பட்டுள்ளது. பெயரை வாங்கலாம், வேரை வாங்க முடியாது என்பதே பாரிசு தரும் பாடம்.

நிற்க. வேர் எங்கே உள்ளது? ஊர்தோறும் ஞாயிற்றுக்கிழமை கூடும் சிறு கழகங்களில் உள்ளது. அவற்றின் பருவம் எவ்வாறு நடைபெறுகிறதென்று காண்போம். இக்கடற்கரையில் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையால் திடல்களில் நீர் தேங்கும். பங்குனியில் மாணவர்க்குத் தேர்வு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் கொளுத்தும். ஆகவே ஆடத்தக்க ஞாயிற்றுக்கிழமைகள் சிலவே. கழகத்துக்குக் கிடைக்கும் திடலோ பெரும்பாலும் ஒன்றே, கயிற்றுப்பாயும் ஒன்றே. அணிகளோ மூன்று அல்லது நான்கு. இந்நிலையில் திடல் யாருக்கு என்னும் கேள்வி வாரந்தோறும் எழும். ‘முதலணிக்கு முக்கியமான ஆட்டம்’ என்னும் விடையும் வாரந்தோறும் வரும். கடையணிச் சிறுவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக்கொடுப்பர். பருவம் முடியும்பொழுது முதலணிக்கு ஆட்டங்கள் பல. கடையணிக்கு இரண்டோ மூன்றோ.

இதனினும் வருந்தத்தக்கது மற்றொன்று. பெரிய ஆட்டத்தின் முதல் நாள் மாலை, முதலணியில் ஒருவர் வர இயலவில்லை என்றால் இரண்டாம் அணியின் சிறந்த ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வர். இரண்டாம் அணி மூன்றாம் அணியிடமிருந்து ஒருவரை எடுக்கும். மூன்றாம் அணி மறுநாட் காலையில் ஒன்பதின்மரோடு களத்தில் நிற்கும். மேலே அழைக்கப்பட்ட இளைஞனாவது நன்மை பெற்றானா எனின், அதுவும் இல்லை. முதலணியில் அவனுக்குப் பந்து வீசும் முறை வராது. மட்டை பிடிக்கும் இடம் பதினொன்றாவது. ஐந்து மணி நேரம் எல்லையோரத்தில் வெயில் காய்ந்துவிட்டு வீடு திரும்புவான். கீழணியில் ஆடியிருந்தால் பத்து ஓவர் வீசியிருப்பான். இவ்வாறு இரண்டு பருவம் சென்றால் மூன்றாம் பருவத்தில் அவன் வருவதில்லை. பிளஸ் டூத் தேர்வும், பின்னர் வேலையும் அவன் விலகியதற்குக் காரணமாகச் சொல்லப்படும். உண்மைக் காரணம் ஓட்டக்கணக்கு ஏட்டில் உள்ளது: அவன் பெயருக்கு நேரே எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

கடையணி ஒரு கழகத்தின் கழிவன்று; அதன் நாற்றங்கால். அங்கே பதின்மூன்று வயதுச் சிறுவனும் ஐம்பதை எட்டிய முதியவரும் ஒரே அணியில் நிற்பர். முதியவர் ஓட இயலாமையால் பந்து எங்கே வரும் என்பதை முன்னரே அறிந்து நிற்பார்; சிறுவன் அதனை அறியாமையால் ஓடி ஓடிப் பிடிப்பான். ஒருவர் அறிவும் ஒருவன் காலும் சேர்ந்து அணியாகும். எப்பொழுது ஓடலாம், எப்பொழுது நிற்கவேண்டும், நடுவர் விரல் உயர்த்தினால் முகஞ்சுளியாது வெளியேறுவது எங்ஙனம், தோற்றபின் எதிரணியாரின் கைபற்றுவது எங்ஙனம் என்பன வலைப்பயிற்சியில் கற்பிக்கப்படுவன அல்ல. டென்னிஸ் பந்தில் பழகிய கைக்குத் தைத்த தோல்பந்தின் கனமும் எழுச்சியும் முதன்முதல் அறிமுகமாவதும் அங்கேதான். அந்த முதல் அறிமுகத்தில் ஒரு சிறுவன் அஞ்சி விலகுவதும் நிலைத்து நிற்பதும் அவன் அருகில் யார் நின்று சொல்லிக்கொடுத்தார் என்பதைப் பொறுத்தது.

கீழ்ப்படியில் ஆடுவோரால் என்ன ஆகும் என்று கேட்போர்க்குச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் நடராசனைக் காட்டுவோம். இருபது வயதளவும் அவர் ஆடியது டென்னிஸ் பந்து ஆட்டமே. சென்னை லீக்கு ஆட்டங்கள் பல பிரிவுகளாக அமைந்தவை. வென்ற கழகம் மேற்பிரிவுக்கு ஏறும், தோற்றது கீழிறங்கும். நடராசன் 2010–11 பருவத்தில் அங்கே நான்காம் பிரிவில் ஆடத் தொடங்கினார். அங்கிருந்து முதற்பிரிவுக்கு உயர்ந்தார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். அப்பொழுது அவர் பந்து வீசும் முறையில் ஐயம் எழுந்தது. சோர்ந்து ஊர் திரும்பாமல், பயிற்சியாளர் துணையோடு அதனைத் திருத்திக்கொண்டார். 2020 டிசம்பரில் ஆசுத்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். 2021 ஜனவரியில் பிரிசுபேனில் இந்தியா வென்ற டெசுட்டு ஆட்டத்தில் அவரும் இருந்தார். நான்காம் பிரிவு என்னும் தாழ்ந்த படி இல்லாதிருந்தால் அந்த இடக்கைப் பந்துவீச்சு அவ்வூர்த் திடலிலேயே முடிந்திருக்கும். புகழ் பெற்றபின் அவர் செய்ததும் நோக்கத்தக்கது: தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார், அது 2023-இல் திறக்கப்பட்டது. ஏறியவர் தாம் ஏறிய படியை வலுப்படுத்தினார் என்க.

சென்னைக்கு வெளியிலும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் கிறித்தவத் திருச்சபையினர் நிறுவிய மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் தமக்குள் ஆடிவரும் கிரிக்கெட்டு ஆட்டத்தை ‘வடக்கின் பெரும்போர்’ என்று அழைப்பர். போர்க்காலத்துத் துன்பங்களையும் கடந்து அவ்வழக்கம் நிலைத்திருக்கிறது. அவ்வாட்டத்துக்குப் பழைய மாணவர் திரள்வது பலரும் அறிந்தது. பலரும் எண்ணாதது, இலங்கைப் பள்ளிகளில் பதின்மூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது என்று வயதுக்கொரு வரம்பிட்டு அணிகள் அமைந்திருப்பது. பெரும்போரில் ஆடும் பதினொருவர் ஒரு நாளில் தோன்றியவரல்லர்; ஆறு ஏழு ஆண்டு படிப்படியாய் வந்தவர். நூறாண்டு நிலைத்த ஆட்டத்தின் இரகசியம் மேலணியின் பெருமையில் இல்லை. பதின்மூன்று வயதார் அணியின் ஒழுங்கில் உள்ளது.

ஈண்டு நம் சகோதரிகளையும் மறத்தலாகாது. பல கழகங்களின் அணிவரிசையில் பெண்களுக்கு ஓரணியும் இல்லை. இருப்பின் அது கடையணிக்கும் கடையணி. திடல் ஆடவர்க்குப் பயன்படாத வேளையே அவர்க்குரிய வேளை. சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி 2013 உலகக் கோப்பையில் நூறு ஓட்டம் எடுத்து, அப்போட்டியில் சதம் கண்ட முதல் இந்தியப் பெண்மணி ஆனார். 2025 நவம்பர் 2-இல் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று உலகக் கோப்பையையே கைக்கொண்டது. அன்றிரவு நம் ஊர்ப் பெண் குழந்தைகளுள் எத்தனை பேர் தாமும் மட்டை பிடிக்கவேண்டும் என்று எண்ணினரோ! மறுநாள் காலையில் அவர்கள் செல்வதற்கு ஓர் இடம் இருந்ததா என்பதே கேள்வி.

இனி நம் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் நேர்மையோடு ஆராய்வோம். முதலாவது, ‘முதலணி வெல்லாவிடின் கழகமே நிலைக்காது, கோப்பையைக் கண்டுதான் புரவலர் பொருள் தருவர்’ என்பது. இதில் உண்மை உண்டு. தோல்பந்து விலையுயர்ந்தது, ஓர் ஆட்டத்துக்கு மேல் அது பயன்படுவது அரிது. பாய், காலுறை, கையுறை, நடுவர்க்கூலி, திடல் வாடகை என்று செலவுகள் பல. ஆயினும் கோப்பைக்காகவே கட்டப்பட்ட அணி, அதனைக் கட்டிய நால்வர் வேலை நிமித்தம் ஊர் பெயர்ந்தவுடன் சரியும். அவ்விடத்தை நிரப்பக் கீழே ஆளிராது. நாற்றங்காலை விற்று விருந்து வைத்தவன் மறு போகத்துக்கு என் செய்வான்?

இரண்டாவது, ‘திறமைக்கு ஊர் ஏது? வெளியூரான் என்று ஒருவனை ஒதுக்குதல் தகுமோ?’ என்பது. தகாது. நாமும் அதனைச் சொல்லவில்லை. கருநாடகத்துக்குத் தலைமை தாங்கி 2013–14, 2014–15 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்து ரஞ்சிக் கோப்பை வென்ற வினய்குமார், 2019–20 பருவத்தில் புதுச்சேரிக்கு வந்து ஆடினார். அத்தகைய அனுபவமுடையவர் உடன் நின்று ஆடுவதே இளையோர்க்கு ஒரு பள்ளி. வெளி மாநிலத்து ஆட்டக்காரர் மூவர்க்கு வாரியம் இடமளித்ததும் இக்கருத்துப் பற்றியே. விருந்தினர் வருகை வீட்டுக்கு அழகு. வீட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் நிறுத்திவிட்டு இலையெல்லாம் விருந்தினர்க்கே போடுவதுதான் தகாது. எல்லை, வந்தவர் எவ்வூரார் என்பதில் இல்லை. அவர் வந்தமையால் இங்குள்ளவர் ஒரு படி உயர்ந்தனரா, ஒரு படி இறங்கினரா என்பதில் உள்ளது.

மூன்றாவது, ‘எல்லாரும் மேலேற முடியாது; கடையணியிலேயே இருந்துவிடுவோர் பலர்; அவர்க்கு ஏன் இத்தனை கவலை?’ என்பது. இதற்கு விடை எளிது. பொழுதுபோக்காக ஆடுவோர் கழகத்தில், ஆடுவதே பயன். பதினைந்து ஆண்டு மூன்றாம் அணியில் ஆடி ஒருமுறையும் மேலேறாதவர், பாய் விரித்தும், கோல் நட்டும், கணக்கு எழுதியும், சிறுவரைச் சைக்கிளில் ஏற்றிவந்தும் கழகத்தைத் தாங்குகின்றார். அவர் இல்லையேல் முதலணிக்கும் களம் இல்லை. அவரது உயர்வை ஓட்டத்தால் அளக்கமுடியாது. அவர் கைபிடித்து வந்த சிறுவர் எத்தனை பேர் என்பதால் அளக்கலாம்.

ஆகவே நம் ஊர்க் கழகங்கள் வரும் பருவத்தில் மேற்கொள்ளத்தக்கன சிலவற்றைக் கூறுவோம். ஆடத்தக்க ஞாயிற்றுக்கிழமைகளுள் மூன்றிலொன்று கடையணிக்கும் சிறுவர்க்கும் என்று பருவத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுக. எந்தப் பெரிய ஆட்டம் வரினும் அதனை மாற்றற்க. முதலணியார் ஒவ்வொருவரும் பருவத்தில் இரு நாளேனும் கீழணியில் நின்று ஆடுக. ஓட்டம் குவித்தற்கன்று, மறுமுனையில் நின்று இளையவனுக்குத் துணையாதற்கே. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பின் கீழணியிலிருந்து ஆள் எடுத்தல் ஒழிக. மேலே அழைக்கப்பட்டவனுக்கு மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ உண்மையான முறை கொடுக்க இயலாதெனின் அழையாதிருக்க. பெண் குழந்தைகளுக்கும் குறித்த நாளில் குறித்த வேளை உண்டென்று உறுதி செய்க. இவற்றுக்குப் பொருட்செலவு மிகுதியாக வேண்டா. மனம் ஒன்றே வேண்டும்.

நம் கல்லூரியாரும் வாளா இருத்தல் கூடாது. ஞாயிறுதோறும் ஊர் செல்லும் மாணவர், நடுவராகவும் கணக்கெழுதுவோராகவும் கடையணிக்கு உதவலாம். தமிழ் பயிலும் நம் போன்றோர்க்கு ஒரு தனிக்கடமையும் உண்டு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் இவ்வாட்டத்தை இனிய தமிழில் வருணித்து, நம் மொழி இதற்குப் போதாதது அன்று என்று காட்டிச் சென்றார். சிறுவர்க்கு விதிகளைத் தெளிந்த தமிழில் ஒரு சிறு ஏடாக எழுதிக்கொடுத்தல் நம்மால் இயலாததன்று. விதியைத் தன் மொழியில் அறிந்த சிறுவன் நடுவரிடம் கத்தமாட்டான், கேட்பான். பழைய மாணவராகிய பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம்: தங்கள் பெயரால் ஒரு வெள்ளிக்கோப்பை நிறுவ எண்ணும் அன்பர்கள், அப்பொருளைக் கொண்டு ஒரு கயிற்றுப்பாயும் சிறுவர் கைக்கு ஏற்ற மட்டைகள் சிலவும் வாங்கிக் கொடுப்பாராக. கோப்பை ஆண்டில் ஒரு நாள் கைமாறும். பாயோ வாரந்தோறும் விரிக்கப்படும்.

இறுதியாக, ஐந்தொகையின் வடிவத்தையே மாற்றுவோம். பருவ முடிவு அறிக்கையின் முதற்பக்கத்தில் கடையணியின் கணக்கு வருக. முதன்முதல் தோல்பந்தில் ஆடியவர் இத்தனை பேர். முதன்முதல் ஓவர் வீசியவர் இத்தனை பேர். சிறுவர் அணியிலிருந்து மூன்றாம் அணிக்கும், அங்கிருந்து இரண்டாம் அணிக்கும் உயர்ந்தவர் இன்னின்னார். சென்ற பருவம் ஆடி இப்பருவம் வாராது நின்றவர் இன்னின்னார், அவரைத் தேடிச் சென்று அழைத்தவர் இன்னார் என்று எழுதப்படுக. முதலணியின் வெற்றிதோல்வி அதன் பின்னர் வருக. அதற்கும் பெருமை குறையாது. அத்தகைய கணக்கைப் பத்தாண்டு ஒழுங்காக எழுதிவரும் கழகம் நம் தவளக்குப்பம் பகுதியில் ஒன்று உண்டாயின், புதுச்சேரி அணியின் பெயர்ப்பட்டியலில் நம் ஊர்ப் பெயர்களைத் தேடி நாம் விரலோட்ட வேண்டியிராது. அவை தாமே கண்ணிற்படும். அந்தக் கணக்கின் முதல் வரியை வரும் தைத் திங்களிலேயே எழுதத் தொடங்குவோமாக.